எடுப்பான வண்டி

காருக்குப் பின்னால் ரெக்கை பிரமாதமாக உட்கார்ந்துவிட்டது. டிக்கிதான் திறக்கவில்லை.

பீம்ராவ் சாவியைத் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அழுத்திப் பார்த்தார். உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டும் தட்டிப் பார்த்தார். அந்த மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்ததிலிருந்து டிக்கியைத் திறந்ததே இல்லை என்பதுபோல் கம்மென்று நின்றது.

"தொறக்கலன்னா இப்போ இன்னா? ரோட்ல போறவன் டிக்கிய தொறந்தா பாக்கப் போறான்? ரெக்கையத்தான் பாப்பான்" என்றார்.

பக்கத்தில் சின்னப்பையன் நின்றிருந்தார். பெயர்தான் சின்னப்பையன். வயது அறுபத்திரண்டு. ஷெட்டில் வெல்டிங் வேலை, வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகள். அவர் டிக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா நைனா, பேசாம நின்னுகினு கீற?"

"உள்ள என் டிபன் கேரியர் கீது."

"டிபனா? அத்த எதுக்கு இதுக்குள்ள வெச்ச?"

"வெளிய வெச்சா பூனை துன்னுடுது. இதுதான் ஸோக்கா மூடிக்கினு இருந்துச்சு."

"சரி வுடு, ஒரு வேள பட்டினி கெடந்தா ஒண்ணும் ஆவாது. இன்னா கொயம்பு?"

சின்னப்பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெத்திலி கருவாடு."

பீம்ராவ் அருகில் கிடந்த லாரி பம்பர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டியின் சொந்தக்காரர்கள் முட்டையைக்கூடக் கண்ணால் பார்க்காத சைவம். அன்று சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் குடும்பத்தோடு இந்த வண்டியில் ஏறிப் பெண் பார்க்கப் போகிறார்கள்.

விம்கோ நகரில் தகர ஷெட் போட்டு இருபத்திரண்டு வருஷமாக பீம்ராவ் செய்து வந்தது ஒரே வேலைதான். கன்டெய்னர் லாரிக்கு பம்பர் மாட்டுவது. எண்ணூர் ரோட்டில் ஓடுகிற லாரிகளில் பாதி அவர் கைபட்டுத்தான் ஓடுகிறது. ஆனால் அதனால் கிடைத்த பெருமை என்ன? பட்டப்பெயர். எம்.கே.பி. நகரில் அவர் வீட்டுக்கு யாராவது வழி கேட்டால், "பம்பர் வூடா? நேரா போயி லெஃப்ட்ல திரும்பு" என்பார்கள். போன மாதம் வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறையிலேயே 'திரு. பம்பர் அவர்கள்' என்று எழுதியிருந்தது. அவருடைய மனைவி எழில்மொழி அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்தாள்.

அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. தாழ்வாக, பளபளவென்று, பார்த்தாலே கை கூசுகிற மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு ஒரே ஒரு தடவை தன் கையால் சாமான் மாட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் எவனாவது பம்பர் என்று கூப்பிடட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை அந்த ஆசை தானாகவே ஷெட் வாசலில் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் ராசையா. ராயபுரத்தில் புளி, மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் சங்கரநாராயணனிடம் டிரைவர். இரண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கம்.

"மொதலாளியோட மவன் வண்டி" என்றார் ராசையா. "ஏற்கெனவே மூணு ஷெட்டுல குடுத்துப் பாத்தாச்சு. ஒருத்தனும் மொதலாளி சொன்ன மாரி செய்யல. நீரு இந்த மாரி வண்டியெல்லாம் பாத்திருக்கீரா வே?"

பீம்ராவ் தன் வாழ்க்கையிலேயே பெரிய பொய்யை அந்த இடத்தில்தான் சொன்னார்.

"இது நூத்தியெட்டாவது வண்டி."

பின்னால் சின்னப்பையனுக்குப் புரையேறியது.

"அப்ப சரி. மொதலாளி வாட்ஸ்அப்புல பேசி அனுப்புவாவ" என்று சொல்லிவிட்டு ராசையா ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் குரல் வந்தது. பீம்ராவ் போனை பெஞ்சின் மேல் வைத்தார். இரண்டு பேரும் குனிந்து காது கொடுத்தார்கள்.

"பீம்ராவு, நான் சங்கரநாராயணன் பேசுதேன். வண்டிக்குப் பின்னால ரெக்கை எடுக்கணும். ரெண்டு பக்கமும் பாவாடை மாரி ஒண்ணு, ஸ்கர்ட்டுன்னு சொல்லுதானுவ, அதையும் எடுக்கணும். முன்னால ஒதடு மாரி ஒண்ணு, லிப்பாம்லா, அதையும் எடுக்கணும். சைலன்சரு மாத்தணும் வே, சத்தத்தைக் கேட்டு தெருவே திரும்பிப் பாக்கு. ஞாயித்துக்கெழம பத்து மணிக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பொண்ணுக்கு அப்பா ஹெட்மாஸ்டரா இருந்தவரு. வண்டியப் பாத்ததும் அவுக மதிக்கணும். லெச்சணமா இருக்கணும், ஆமா."

சின்னப்பையன் நெற்றியைச் சுருக்கினார். "தெருவே திரும்பி... பாக்கா? எதுக்கு நடுவுல வெத்தல பாக்கு?"

"அது அவங்க ஊரு பாஷை நைனா. 'பாக்கணும்'னு சொல்ல வந்தாரு, பாதிய முயுங்கிட்டாரு."

"அது சரி. இதுல ஏற்கெனவே ஒரு ரெக்கை கீது. ஸ்கர்ட்டு கீது. லிப்பும் கீது. சைலன்சர் கூட பெருசாத்தான் கீது. இன்னாத்துக்கு இன்னோண்ணு?"

பீம்ராவ் ஏற இறங்க அவரைப் பார்த்தார். தொழில் தெரியாதவர்களிடம் பேசும்போது மனிதனுக்கு வருகிற ஒரு பொறுமை அவர் முகத்தில் வந்தது.

"மூணு ஷெட்டுல குடுத்தும் சரியா வர்லன்னு ராசையா சொன்னாரா இல்லியா? அப்டின்னா இன்னா அர்த்தம்? அவருக்கு இது பத்தல. இன்னும் எடுப்பா கேக்கறாரு."

"ஒரு வார்த்த போன் போட்டுக் கேட்டுடேன்."

"நூத்தியெட்டு வண்டி பாத்தவன் போன் போட்டுக் கேப்பானா?"

சின்னப்பையன் ஸ்பானரைத் தேடப் போனார்.

பீம்ராவ் அன்றே வண்டி சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனார். அங்கே ஒரு தோஸ்து கடையில் இருப்பதிலேயே அகலமான ரெக்கை, இருப்பதிலேயே ஆழமான ஸ்கர்ட், கோதுமை மூட்டையை வாரலாம் போன்ற ஒரு லிப், பால் கேன் பருமனில் இரட்டைக் குழாய் சைலன்சர் என்று நாலையும் எடுத்துக்கொண்டு குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தார். பழையதையெல்லாம் கழற்றி மூலையில் போட்டார். வெள்ளிக்கிழமை முழுக்க அளந்தார்கள், அறுத்தார்கள், தேய்த்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் ரெக்கை ஏறியது. அதோடு டிக்கியும் சாத்திக்கொண்டது.

பீம்ராவ் காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ரெக்கையோட போல்ட் நீட்டமா பூடுச்சு. உள்ள போயி பூட்ட இடிச்சிக்கினு நிக்குது. போல்ட்ட கயட்டிட்டு கிளாம்ப் போட்டு இறுக்கிடலாம்."

"கிளாம்புக்கு எடம்?"

"கால உசத்தி வெச்சா எடம் வந்துட்டுப் போவுது."

லாரிக்குப் போடுகிற இரும்பு சேனலை வெட்டி ரெக்கையின் கால்களை முக்கால் அடி உயர்த்தினார்கள். தார்பாய் கட்டுகிற கிளாம்ப் நாலு போட்டு இறுக்கினார்கள். ரெக்கை இப்போது சின்னப்பையனின் தோள் உயரத்தில் நின்றது. பூட்டு கிளிக் என்று விடுபட்ட சத்தம்கூடக் கேட்டது. பீம்ராவ் சிரித்துக்கொண்டே டிக்கியைத் தூக்கினார். அது வரவில்லை. முன்பு பூட்டு மட்டும்தான் மாட்டியிருந்தது. இப்போது டிக்கியையும் பாடியையும் சேர்த்து நாலு கிளாம்ப் கட்டிப் பிடித்திருந்தது.

"அவுத்துட்டு மறுபடியும் செய்யலாமா?" என்றார் சின்னப்பையன்.

"ஸ்கர்ட் மாட்டணும், லிப் மாட்டணும், சைலன்சர் மாட்டணும். நேரம் எங்க கீது?"

"அப்போ கருவாடு?"

வாசனைக்கு வாசனைதான் மருந்து என்று பீம்ராவ் முடிவு செய்தார். ஷெட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் கௌசரிடம் போய் நின்றார்.

"அக்கா, வூட்ல அத்தர் கீதா?"

"அத்தரா? இன்னா விசேசம் பம்பரு?"

"வண்டிக்கு."

கௌசர் எதுவும் கேட்காமல் ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், எதைக் கேட்பது? பீம்ராவ் டிக்கியின் இடுக்கு வழியாகப் பாட்டிலையே கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் கருவாட்டுக்குக் கல்யாணம் நடக்கிற மாதிரி ஒரு மணம் ஷெட் முழுக்கப் பரவியது. பூனை இரண்டு தரம் வந்து மோந்து பார்த்துவிட்டுக் குழம்பிப் போய்த் திரும்பியது.

சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாம் முடிந்தது. லிப்புக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. ஸ்கர்ட் அதைவிடத் தாழ்வு. பீம்ராவ் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார்.

கௌசர் கடை பெஞ்சில் இருந்த டீ கிளாஸ்கள் தாமாகவே நகர்ந்து விளிம்புக்கு வந்தன. தெருக்கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குக் குடிபோனது.

"இன்னா பம்பரு!" என்று கௌசர் கத்தினாள். "ஹார்பர்ல இருந்து கப்பல ஓட்டிக்கினு வந்துட்டியா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அதைத்தானே முதலாளி கேட்டார்! இருபத்திரண்டு வருஷத்தில் பீம்ராவ் மாட்டிய எந்த பம்பரையும் யாரும் நின்று பார்த்ததில்லை. இன்றைக்கு வீட்டு மாடிகளில் இருந்தெல்லாம் பார்க்கிறார்கள். அவர் வண்டியோடு நின்று போட்டோ எடுத்து மகள் மகிழினிக்கு அனுப்பினார். அவள் உடனே 'எங்க அப்பா மாட்டியது' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டாள். அன்றைக்கு அவரைவிட நிம்மதியாகத் தூங்கியவர் வடசென்னையில் யாரும் இருந்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு, தாமே கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருந்தபடி, வண்டியைக் கிளப்பினார். பக்கத்து சீட்டில் சின்னப்பையன். பின் சீட்டில் அவசரத்துக்கு இரண்டு பலகையும் கருவிப் பையும்.

தெரு முனையில் ஒரு வேகத்தடை இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருந்தது. லாரிக்காரர்களோடு பழகிய பீம்ராவின் கண்ணில் அது பட்டதே இல்லை. இன்றைக்குப் பட்டது.

'மடார்.'

சின்னப்பையன் இறங்கிப் பார்த்தார். "லிப் பூடுச்சு."

"எவ்ளோ பூடுச்சு?"

"மொத்தமா. ரெண்டா ஒடஞ்சிகினு கெடக்குது, ஓரத்துல மட்டும் கொஞ்சம் தொங்குது."

பீம்ராவ் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "ஒதடு போனா இன்னா? மூஞ்சி கீதுல்ல. மத்த மூணும் கீதுல்ல. இனிமே உஷாரா போலாம். வேகத்தடை வந்தா நீ எறங்கி பலகைய போடு."

அடுத்த வேகத்தடையில் சின்னப்பையன் இறங்கி இரண்டு பலகையையும் சாய்வாக வைத்தார். மாப்பிள்ளை அழைப்பில் விளக்குப் பிடித்துப் போகிறவர்போல் முன்னால் பின்நடையாக நடந்து, "வா... வா... அப்டியே வா..." என்று கையைக் காட்டினார். முன்சக்கரம் ஏறியது. இறங்கியது. இறங்கிய வேகத்தில் வலது பலகை எகிறி, ஸ்கர்ட்டின் வயிற்றில் ஓங்கி அடித்தது. ஸ்கர்ட் தேங்காய் மூடி மாதிரி கழன்று சாக்கடையில் விழுந்தது.

"பேஜாரா பூட்டுச்சே!" என்று அலறிக்கொண்டு இறங்கினார் பீம்ராவ்.

"இடது பக்கம் நல்லாத்தான் கீது" என்று ஆறுதல் சொன்னார் சின்னப்பையன்.

"ஒரு பக்கம் மட்டும் இருந்து இன்னா பண்றது? ஒத்தக் காதுல கம்மல் போட்டுக்கினு பொண்ணு பாக்கப் போவாங்களா?"

வேறு வழியில்லை. நன்றாக இருந்த இடது ஸ்கர்ட்டையும் பீம்ராவ் தன் கையாலேயே கழற்றினார். பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடுகிற மாதிரி இருந்தது அவருக்கு. மணி எட்டரை.

ஹை ரோட்டுக்குப் போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டுக்குப் பத்தடி முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பீம்ராவ் பிரேக்கை அழுத்தினார். முன்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த லிப்பின் மிச்சம் தரையில் உரசிக் கீச்சிட, அது என்னவோ ஏதோவென்று பயந்து காலை எடுத்தார். வண்டி கேட்டைத் தாண்டிப் பாதி உள்ளே போய் நின்றுவிட்டது. பின்னால் ஒரு தண்ணி லாரி ஒட்டிக்கொண்டு நின்றது. கேட் கட்டை இறங்க ஆரம்பித்தது.

"யோவ்! எங்கியா வண்டிய கொண்டாந்து நிறுத்திக்கீற?" என்று கேட்மேன் குடிசை வாசலில் இருந்து கத்தினார். "ஆடாம அசையாம அப்டியே நில்லு! முன்னால போவாத! தண்டவாளம் தூரமாத்தான் கீது!"

கட்டை மெதுவாக இறங்கிக் கூரையைத் தாண்டி, டிக்கியின் சரிவில் வழுக்கி, டிக்கிக்கும் ரெக்கைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. அளந்து செய்தால்கூட அப்படி அமையாது. முக்கால் அடி உயர்த்தியதன் பலன்.

சரக்கு ரயில் வந்தது. நாற்பத்தாறு வேகன். பீம்ராவும் சின்னப்பையனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேகன்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ரயில் போனது. கட்டை மேலே எழும்பியது. டிக்கிப் பக்கம் முறுக்கலாக ஒரு முனகல் கேட்டது. பிறகு நாலு கிளாம்பும் டப், டப், டப், டப் என்று நழுவின.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் ரெக்கை கேட் கட்டையில் மாட்டிக்கொண்டு வானத்தில் நின்றது.

அதே நிமிஷம் டிக்கி தானாகத் திறந்துகொண்டது.

"என் கேரியரு!" என்று குதித்து ஓடினார் சின்னப்பையன். அத்தரில் குளித்திருந்த டிபன் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டார். வாழ்க்கையில் சில பேருக்கு எந்த நிலைமையிலும் சந்தோஷம் கிடைத்துவிடுகிறது.

"சார், அந்த ரெக்கைய கொஞ்சம் எறக்கிக் குடு சார்" என்று பீம்ராவ் கேட்மேனைக் கெஞ்சினார்.

"கட்டைய எறக்கணும்னா அடுத்த ரயில் வரணும். ஒம்பதே முக்காலுக்கு ஒண்ணு கீது. நின்னு வாங்கிக்கினு போறியா?"

தண்ணி லாரிக்காரன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. பீம்ராவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். தண்டவாளத்தைத் தாண்டி ரோடு இறங்குகிற பள்ளத்தில், பால் கேன் பருமனில் தொங்கிக்கொண்டிருந்த அந்த இரட்டைக் குழாய் சைலன்சர் தரையைத் தொட்டது. தொட்டதை விட மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது.

அதற்கப்புறம் அந்த வண்டி போட்ட சத்தத்தைச் சத்தம் என்று சொல்ல முடியாது. கன்டெய்னர் லாரிகள் ஒதுங்கி வழி விட்டன. வேண்டியவர்கள் வேண்டாதவர்கள் எல்லோரும் காதைப் பொத்தினார்கள்.

"நிறுத்து! நிறுத்து!" என்று சின்னப்பையன் ஜாடையில் காட்டினார். ரோட்டோரம் ஒரு காயலான் கடை திறந்திருந்தது.

கடைக்குள் புகுந்து தேடினார்கள். பழைய இரும்புக் குவியலுக்கு நடுவில் முழுசாக ஒரே ஒரு சைலன்சர்தான் கிடைத்தது. அது ஒரு குட்டியானை வண்டியுடையது.

"இத்தயா? ஸ்போர்ட்ஸ் காருக்கா?" பீம்ராவ் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"சாமான் இல்லாததுக்கு இது தாவல" என்றார் சின்னப்பையன். கடைக்காரரிடம் கேஸ் வெல்டிங் இருந்தது. அறுபத்திரண்டு வயதுக் கை அது, கால் மணி நேரத்தில் ஒட்டி முடித்தது. பீம்ராவ் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த லிப் துண்டுகளைப் பிடுங்கி எறிந்தார். ரெக்கை இருந்த ஓட்டைகளில் ரப்பர் மூடி செருகினார். குழாயடியில் வண்டியைக் கழுவித் துடைத்தார்.

ஸ்டார்ட் செய்தார். தையல் மெஷின் மாதிரி ஓடியது.

பீம்ராவ் ராயபுரத்துக்கு வண்டியை விட்டார். காசிமேட்டைத் தாண்டும்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் வாங்கிக்கொண்டு வந்த ஒரு அம்மா, முன்னால் நின்ற சைக்கிளை நகர்த்தச் சொல்வதுபோல் வண்டியின் மூக்கைத் தட்டிவிட்டுக் கடந்து போனாள்.

"உண்மைய சொல்டப் போறேன் நைனா" என்றார் பீம்ராவ் கடைசியில். "நூத்தியெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதான் மொதோ வண்டி, இதான் கடைசி வண்டின்னு சொல்ட்டு, கால்ல வுயுந்துடப் போறேன். பாவம், ஒரு புள்ளையோட கல்யாண விசயம். ஹெட்மாஸ்டரு இந்த மொட்ட வண்டிய பாத்துட்டு, வேணான்னு சொல்ட்டாருன்னா அந்தப் பாவம் யாருக்கு?"

சின்னப்பையன் கேரியரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நானும் வுயுவுறேன்" என்றார்.

மணி ஒன்பதே முக்கால். சங்கரநாராயணன் வெள்ளை வேட்டியும் பட்டுச் சட்டையுமாக வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் பழத்தட்டோடு அவர் மனைவி இசக்கியம்மாள். பின்னால் மகன் சுடலைராஜ், தலையை வழித்துச் சீவிக்கொண்டு. ராசையா கேட்டைத் திறந்துவிட்டார்.

பீம்ராவ் இறங்கினார். தலை குனிந்தபடி நின்றார். மனப்பாடம் செய்து வந்தது எல்லாம் மறந்துபோய்விட்டது.

சங்கரநாராயணன் வண்டியைச் சுற்றி வந்தார். முன்னால் குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் கையால் தடவிப் பார்த்தார். பின்னால் போய் வெகுநேரம் நின்றார்.

"சார்..." என்றார் பீம்ராவ். "வர்ற வழில..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஏல சுடல, ஸ்டார்ட் பண்ணு."

மகன் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். சங்கரநாராயணன் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஸ்டார்ட் பண்ணுன்னு சொன்னேம்லா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்குப்பா."

பீம்ராவ் கண்களை மூடிக்கொண்டார். அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கன்னத்தைத் தயார் செய்தார். கன்னத்தில் ஒன்றும் விழவில்லை. தோளில்தான் ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். ஹெட்மாஸ்டருக்குப் போர்த்துவதற்காகத் தட்டில் வைத்திருந்த பொன்னாடை.

"என்னத்த வே சொல்ல!" சங்கரநாராயணன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "நூத்தியெட்டு வண்டி பாத்த கைன்னா அது கைதாம் வே. இப்பதான் வண்டி எடுப்பா இருக்கு!"

பீம்ராவ் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"எங்க சங்கத்துல பதினோரு பேரு வீட்டுல இந்த மாரி வண்டி நிக்கி. ஒண்ணொண்ணா ஒம்ம ஷெட்டுக்கே அனுப்புதேன். நீரு பாத்துப் பண்ணும்."

இசக்கியம்மாள் பழத்தட்டை டிக்கியில் வைக்கப் போனவள் மூக்கை உறிஞ்சினாள். "அத்தர் வேற போட்டுருக்காரு பாருங்க, எம்புட்டு மணம்!"

மகன் முகம் மட்டும் வாடிக் கிடந்தது. பெண் பார்க்கப் போகிற பயம் போலிருக்கிறது என்று பீம்ராவ் நினைத்துக்கொண்டார். மூன்று பேரும் ஏறினார்கள். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் தெருவைத் திரும்பிப் போய்விட்டது. தெருவில் ஒருவர்கூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பொன்னாடையைப் போர்த்தியபடி பீம்ராவ் நடைபாதையில் நின்றார். கேலி செய்கிறாரா? இல்லை, கண் கலங்கி யாரும் கேலி செய்ய மாட்டார்களே. சின்னப்பையன் மதில் ஓரமாகக் குந்திக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கேரியரைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ராசையா இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். ஒன்றை பீம்ராவ் கையில் கொடுத்தார். அவரை மேலும் கீழும் மரியாதையோடு பார்த்தார்.

"எப்படி வே ஒமக்கு மட்டும் வெளங்குச்சு?"

"இன்னா வெளங்குச்சு?"

"முன்ன குடுத்த மூணு ஷெட்டுலயும் மொதலாளி இதே மாரிதான், 'ரெக்கை எடுக்கணும், பாவாடை எடுக்கணும்'னு சொல்லி அனுப்புனாவ, ஒவ்வொருத்தனும் நேரா புதுப்பேட்டைக்குப் போயி, இருந்ததைவிடப் பெருசா ஒண்ண எடுத்து மாட்டி விட்டுட்டான். எடுக்கணும்னா கழட்டணும்னு வெளங்குன மொத ஆளு நீருதாம் வே!"